எபிசோட் 38: ஊருக்கு வெளியே ஒரு ஏக்கர், அது தன் செலவைத் தானே பார்த்துக்குமா?

(ஒலிப்பதிவின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பச் சொன்னதையும் இழுவைகளையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

புதுச்சேரியிலிருந்து பேசறேன். இன்னிக்கு விஷயம் ரொம்ப நாளா நீங்க கேட்டுக்கிட்டு இருந்தது: பண்ணை நிலம். அதாவது விவசாயத்தை நம்பிப் பிழைக்கறதுக்கு இல்லாம, சனி ஞாயிறு போய் நாலு மரத்துக்கு நடுவுல உட்கார்ந்துட்டு வர்றதுக்காக வாங்குற நிலம். விக்கிறவங்க எல்லாருமே ஒரே வசனத்தைச் சொல்றாங்க: "சார், அது தன் செலவைத் தானே பார்த்துக்கும்." இது உண்மையா?

நான் பொருளாதார நிபுணர் இல்ல. கோட் எழுதிப் பிழைக்கிறவன். ஆனா எங்க வீட்டுல அப்படி ஒரு ஏக்கர் இருக்கு, அதுக்கு அஞ்சு வருஷக் கணக்கு என் லேப்டாப்ல இருக்கு. அந்தக் கணக்கை இன்னிக்கு அப்படியே பிரிச்சு வைக்கப்போறேன். எங்க அப்பாகிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் பேசறேன். கடைசி நம்பரைப் பார்த்துட்டு அவர் என்ன சொன்னாருன்னு முடிவுல சொல்றேன்.

எப்படி வாங்கினோம்

2021 மார்ச். அப்பா ஓய்வு பெற்று ஒரு வருஷம். நான் வீட்டுலேர்ந்தே வேலை பார்த்துக்கிட்டு இருக்கேன். கொரோனாவால ஊரே வீட்டுக்குள்ள அடைஞ்சிருந்த காலம், எல்லாருக்கும் "கொஞ்சம் காத்து வர்ற இடம்" வேணும்னு தோணின காலம். கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், குயிலாப்பாளையம் பக்கமெல்லாம் விலை கேட்டோம். கேட்ட வேகத்துலயே திரும்பி வந்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், ஆரோவில் சுற்றுவட்டாரம் எல்லாத்துலயும் சுற்றுலாக் காசு ஏற்கெனவே நிலத்து விலைக்குள்ள ஏறி உட்கார்ந்திருக்கு.

அதனால சேதராப்பட்டு, திருவக்கரை வழியா மயிலத்துக்கு அந்தப் பக்கம் போனோம். வீட்டுலேர்ந்து 40 கிலோமீட்டர். விழுப்புரம் மாவட்டம், புஞ்சை, செம்மண், ஒரு ஏக்கர், 18 லட்சம். வழியில திருவக்கரை கல்மரப் பூங்கா இருக்குல்ல, 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரங்கள் கல்லாக் கிடக்கிற இடம்? பராமரிப்பே இல்லாம நிக்கிற மரம்னா இந்தப் பக்கம் அது ஒண்ணுதான்னு இப்ப எங்க வீட்டுல கிண்டல் பண்ணுவோம்.

வெளியூர் நேயர்களுக்கு ஒரு விளக்கம். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டா இருக்காது. நடுநடுவுல தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரும். பத்து நிமிஷம் வண்டி ஓட்டினா மாநிலம் மாறிடும். மாநிலம் மாறினா பதிவுக் கட்டணம், ஆவணம், அளவு எல்லாம் மாறும். இங்க ஹெக்டேர், ஆர் கணக்கு. அந்தப் பக்கம் ஏக்கர், சென்ட். நிலம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்காம விலை பேசாதீங்க.

முதல் பாடம்: நிலத்து விலை வேற, நிலம் ஆகுற விலை வேற

நிலம் 18 லட்சம். அப்ப தமிழ்நாட்டுல முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம்; ஆக 11. (2023-ல வழிகாட்டி மதிப்பை ஏத்தினப்போ பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக் குறைச்சாங்க. அதனால மொத்தம் 9 ஆச்சு.) அப்பா முழுத்தொகைக்கே பதிவு பண்ணணும்னு பிடிவாதமா இருந்தார். பத்திரம், வில்லங்கச் சான்று, சர்வே எல்லாம் சேர்த்து 20.2 லட்சம் ஆயிடுச்சு.

அப்புறம் போர் போட்டு மோட்டார் இறக்க 2.6 லட்சம். சுத்தி வேலி 1.7 லட்சம். ஷீட் போட்ட ஒரு சின்ன ரூம், பாத்ரூம், திண்ணை 3 லட்சம். சவுக்குக் கன்று, மாங்கன்று, நடவுக்கூலி 20,000. மொத்தம் 27.7 லட்சம்.

அதாவது 18 லட்சம்னு ஆரம்பிச்ச விஷயம், போய் உட்கார்ந்து டீ குடிக்கிற நிலைமைக்கு வர ஒன்றரை மடங்கு ஆயிடுச்சு. கூட ஆன அந்த 9.7 லட்சத்துல பெரும்பகுதியை, நாளைக்கு வாங்க வர்றவர் மதிக்கவே மாட்டார். "ரூமை இடிச்சுட்டுத்தான் நான் கட்டணும்"னு சொல்லி விலையைக் குறைப்பார்.

வருஷச் செலவு

காவலுக்குப் பக்கத்து நிலத்துக்காரர் ஒருத்தர் இருக்கார், அண்ணேன்னு கூப்பிடுவோம். மாசம் 4,000, வருஷத்துக்கு 48,000. கரன்ட் 6,000. ரெண்டு தடவை உழவு, களை 9,000. மோட்டார், வேலி, பைப் ரிப்பேர் 12,000. நாங்க வருஷத்துக்குச் சராசரியா 22 தடவை போறோம். போக வர 80 கிலோமீட்டர், பெட்ரோல் 12,000. கூட்டினா 87,000.

நம்ம பாஷையில சொல்லணும்னா, இது யாருமே பயன்படுத்தாத நாள்லயும் ஓடிக்கிட்டே இருக்குற சர்வர். பில் மட்டும் மாசாமாசம் வந்துடும்.

வருமானம்

50 சென்ட்ல சவுக்கு, 30 சென்ட்ல மல்லாட்டை, மீதி 20 சென்ட்ல ரூம், மா, கொய்யா. மல்லாட்டை, அதாவது மத்த ஊர்ல வேர்க்கடலை, நாலு பட்டம் போட்டோம். விதை, கூலி எல்லாம் போக நாலுக்கும் சேர்த்து 24,000 நின்னுச்சு. மாங்காய், கொய்யா அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து 11,000.

சவுக்குதான் எங்க பெரிய நம்பிக்கை. இந்தக் கடலோர மாவட்டங்கள்ல சவுக்கு ஒரு வங்கி மாதிரி. மூணு நாலு வருஷத்துல வெட்டலாம். காகித ஆலைக்கும் போகும், சாரத்துக்கும் பந்தலுக்கும் போகும். தண்ணி கம்மியாப் போதும், தினமும் பார்க்க வேண்டாம். வார இறுதி விவசாயிக்கு ஏத்த பயிர்னு எல்லாரும் சொன்னாங்க. 2024 நவம்பர்ல ஒரு வியாபாரி வந்து பார்த்து, 22 டன் தேறும், டன் 5,500-ன்னு பேசினார். 1.21 லட்சம். "பொங்கலுக்கு அப்புறம் வெட்டிக்கலாம், விலை ஏறும்"னு நான்தான் சொன்னேன். அப்பா வெட்டிடலாம்னார்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, நகராம அப்படியே நின்னுச்சு. டவுன்ல ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கும் மேல மழை. மயிலத்துல சுமார் 50. மூணு நாள் கழிச்சுத்தான் எங்களால நிலத்துக்குப் போக முடிஞ்சது. சவுக்குல பாதிக்கு மேல சாய்ஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு பின்னிக்கிட்டுக் கிடந்துச்சு. சுத்துப்பட்டு எல்லாரும் ஒரே வாரத்துல சாய்ஞ்ச மரத்தை விக்க நிக்கிறாங்க. விலை என்ன ஆகும்? 14 டன், டன் 3,500. கைக்கு வந்தது 49,000.

இதை ஒரு தடவை நடந்த விபத்துன்னு ஒதுக்க முடியாது. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல வந்தப்போ, பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் தலைமுறைக் கணக்குல விழுந்துச்சு. இந்தக் கடற்கரையில மரம் வச்சுக் கணக்குப் போடறவங்க, புயலையும் ஒரு செலவு வரியாப் போட்டே ஆகணும். நான் போடல.

ஆக, அஞ்சு வருஷ மொத்த வருமானம் 84,000 ரூபாய். அஞ்சு வருஷப் பராமரிப்பு 4.35 லட்சம். பற்றாக்குறை 3.51 லட்சம், வருஷத்துக்கு 70,000.

யாரும் எழுதாத வரி

இதோட நிறுத்தினா "வருஷம் 70,000 தானே, பரவாயில்ல"ன்னு தோணும். ஆனா 27.7 லட்சம் அங்க மண்ணுல இருக்கு. அதைச் சாதாரணமா 7 சதவீத வைப்புத்தொகையில போட்டிருந்தா வருஷம் 1.94 லட்சம் வந்திருக்கும். அது பாக்கெட்டுலேர்ந்து போகல, வரவேண்டியது வரல. அப்பாவுக்கு அது மாசம் 16,000 ரூபாய். ஓய்வு பெற்ற ஒரு மனுஷனுக்கு அது சின்னக் காசு இல்ல.

70,000-ம் 1.94 லட்சமும் சேர்த்தா வருஷம் 2.64 லட்சம். 22 தடவை போறோம். வகுத்துப் பாருங்க: ஒரு தடவை போய்ட்டு வர 12,000 ரூபாய். புதுச்சேரி கடற்கரைப் பக்கம் நல்ல ஹோட்டல்ல ரூம் போட்டு, குடும்பத்தோட சாப்பிட்டுட்டு வர்ற காசு.

"விலை ஏறும்ல?"

அடுத்த கேள்வி இதுதான்னு தெரியும். ஏறும். எவ்வளவு ஏறணும்? போட்ட 27.7 லட்சம், அஞ்சு வருஷத்துக்கு 2.64 லட்சம் வீதம் 13.2 லட்சம், கூட்டினா ஏறக்குறைய 41 லட்சம். கூட்டு வட்டி கூடப் போடல. 18 லட்சத்து நிலம் அஞ்சு வருஷத்துல 41 லட்சம் ஆகணும்னா வருஷத்துக்கு 18 சதவீதம் ஏறணும். திண்டிவனம் சிப்காட் பேரைச் சொல்லி, சுத்தி இருக்குற ஒவ்வொரு தரகரும் இதைவிட அதிகமாவே ஏறும்பாங்க. ஆனா தரகர் சொல்ற விலை வேற, செக் எழுதுறவர் சொல்ற விலை வேற.

அது எங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னா, 2025 ஜூன்ல அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன். அவசரமா 4 லட்சம் தேவைப்பட்டுச்சு. அப்பா தயங்காம "நிலத்தைக் குடுத்துடலாம்"னார். ஆறு வாரம் அலைஞ்சோம். மூணு பேர் வந்தாங்க. ஒருத்தர் 21, ஒருத்தர் 23. 23 சொன்னவரோட வக்கீல் நில அளவை வரைபடத்தைப் பார்த்துட்டு, "ரோட்டுலேர்ந்து நிலத்துக்கு வர்ற வண்டிப்பாட்டை இதுல இல்லையே, அது அடுத்தவங்க பட்டாவுல போகுதே"ன்னார். அதோட அவரும் போய்ட்டார். நாங்க வாங்கும்போது அந்த வழியிலதான் கார்ல போனோம். கண்ணுக்குத் தெரிஞ்ச வழி காகிதத்துல இருக்கான்னு பார்க்கத் தோணல.

கடைசியில நான் பர்சனல் லோன் எடுத்தேன். அம்மா இப்ப நல்லா இருக்காங்க. ஆனா அந்த ஆறு வாரம் அப்பா முகத்தைப் பார்த்தவனுக்குத் தெரியும்: கையில 20 லட்சத்துக்குச் சொத்து இருக்கு, ஆஸ்பத்திரி கவுன்டர்ல கட்ட 4 லட்சம் இல்ல. இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம்தான் எடுத்துக்குவீங்கன்னா, இதை எடுத்துக்கங்க. அவசரத்துக்குன்னு வச்சிருக்குற காசை நிலத்துல போடாதீங்க.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், நாங்க பார்த்துக்கறோம்"

இப்ப இதோட ஒரு புது வடிவம் வந்திருக்கு. 10 சென்ட், 20 சென்ட்னு பிரிச்சு, மரமும் வச்சுக் குடுத்து, பராமரிப்பும் அவங்களே பார்த்து, வருமானத்துல பங்கு தர்றோம்பாங்க. இது புதுசு இல்ல. 1990-கள்ல சென்னையில தேக்கு யூனிட் வித்தாங்க. அனுபவ் பிளான்டேஷன்ஸ்னு சொன்னா வீட்டுல பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1998-ல அது சரிஞ்சுச்சு. அந்தக் காலத்து அடிகளுக்கு அப்புறம்தான், 1999-ல, கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு செபி தனி விதிமுறை கொண்டுவந்துச்சு. அதுக்கப்புறமும் விவசாய நிலம்னு சொல்லி பி.ஏ.சி.எல். கோடிக்கணக்கான பேர்கிட்ட வசூல் பண்ணுச்சு. பணத்தைத் திருப்பித் தர 2016-ல உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில குழு போட வேண்டி வந்துச்சு.

அடையாளம் சுலபம். பல பேர் பணம் ஒண்ணாச் சேருது, லாபம் வரும்னு சொல்றாங்க, நிர்வாகம் வேற ஒருத்தர் கையில, அன்றாடக் கட்டுப்பாடு உங்ககிட்ட இல்ல. இந்த நாலும் இருந்தா நீங்க வாங்குறது நிலம்னு நினைக்காதீங்க, அது முதலீட்டுத் திட்டம். செபியில பதிவு இருக்கான்னு கேளுங்க. தேக்கு இத்தனை வருஷத்துல இத்தனை லட்சம்னு யாராவது எழுதிக் குடுத்தா, ஃபெஞ்சலை எந்த வரியில போட்டிருக்காங்கன்னும் கேளுங்க.

அப்ப யாருக்குத்தான் கட்டுப்படியாகுது?

எங்க நிலத்தைப் பார்த்துக்குற அண்ணனுக்குப் பக்கத்துலயே ரெண்டு ஏக்கர். "அண்ணே, உங்க நிலம் சம்பாதிக்குதா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "நிலம் எங்க தம்பி சம்பாதிக்குது? நாங்க சம்பாதிச்சு அதுல போடறோம். எங்க ரெண்டு பேர் கூலியையும் கணக்குல எழுதினா ஒண்ணும் நிக்காது."

எனக்கு அப்பதான் விளங்கிச்சு. நிலம் தன் செலவைத் தானே பார்த்துக்காது. யாரோ ஒருத்தர் பார்த்துக்கறாங்க. அங்கயே இருந்து உழைச்சா, அந்தக் குடும்பத்தோட எழுதாத கூலி பார்த்துக்குது. தூரத்துலேர்ந்து போனா நம்ம சம்பளம் பார்த்துக்குது. பக்கத்துல ஆரோவிலைப் பாருங்க. 1968 பிப்ரவரி 28-ல தொடங்கினப்போ அது மழை அரிச்ச செம்மண் பொட்டல். இன்னிக்கு நாம நிழல்ல வண்டி ஓட்டுற காடு, பல பேர் பல பத்து வருஷம் வரப்புக் கட்டி, கன்று நட்டு, தண்ணி ஊத்தினதுல வந்தது.

கட்டுப்படியாகுறது யாருக்குன்னா: நிலம் பரம்பரையா வந்தவங்களுக்கு, ஏன்னா போட்ட முதல் இல்ல. 5, 6 கிலோமீட்டருக்குள்ள குடியிருந்து தினமும் போறவங்களுக்கு. இல்லேன்னா, இது செலவுன்னு தெரிஞ்சே, தாங்குற அளவுக்கு வாங்கினவங்களுக்கு.

நேயர் கேள்விகள்

பிரான்ஸ்ல இருக்குற மாமா பேர்ல வாங்கலாமா? நம்ம ஊர்ல இது வீட்டுக்கு வீடு வர்ற கேள்வி. 1962 ஆகஸ்ட் 16-ல சட்டப்படி இணைப்பு நடந்தப்போ பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கிட்ட குடும்பங்கள் இங்க நிறைய. பதில்: முடியாது. வெளிநாட்டுல இருக்குற இந்தியரோ, ஓ.சி.ஐ. அட்டை வச்சிருக்கிறவரோ வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. இங்க இருக்குற சொந்தத்துக்கிட்டேர்ந்து வாரிசா வந்தா வச்சுக்கலாம். "உன் பேர்ல வாங்கு, காசு நான் தர்றேன்"னு மாமா சொன்னாலும் வேண்டாம். அது பினாமி வம்புல போய் முடியலாம்.

வருமான வரி? விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. கிராமப்புற விவசாய நிலத்தை விக்கிற லாபத்துக்கும் வரி இல்ல. அது மூலதனச் சொத்துக் கணக்குல வராது. "கிராமப்புறம்"ங்கிறது நகராட்சி எல்லையிலேர்ந்து நேர்கோட்டுத் தூரம். ஊர் மக்கள்தொகை ஒரு லட்சம் வரைக்கும்னா 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரைக்கும்னா 6, அதுக்கு மேல 8. இந்த வட்டத்தைத் தாண்டியிருக்கணும், உண்மையாவே பயிர் நடந்திருக்கணும். ஆனா ரூமை வாடகைக்கு விட்டு வர்ற காசு விவசாய வருமானம் இல்ல, அதுக்கு வரி உண்டு.

வாங்குறதுக்கு முன்னாடி என்ன பண்ணலாம்? ஆறு மாசம் மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை அந்த ஊருக்குச் சும்மா போய்ட்டு வாங்க. மே மாசம் ஒரு தடவை, மழைக்காலம் ஒரு தடவை கட்டாயம். நாலாவது மாசமே சாக்கு சொல்ல ஆரம்பிச்சீங்கன்னா, 20 லட்சம் மிச்சம்.

அப்பா என்ன சொன்னார்

12,000-ங்கிற நம்பரை அப்பாகிட்ட காட்ட எனக்கு ஒரு மாசம் ஆச்சு. காட்டினேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியாப் பார்த்தார். "தப்பு இல்ல"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "வகுக்குறது 22 ஆல தானே? நான் வாரா வாரம் போறேன்"னார்.

விளையாட்டுக்குச் சொல்லல. இப்ப 80 சென்ட்டை அண்ணனுக்கே எழுத்துல ஒப்பந்தம் போட்டு, பயிர் வைக்கக் குடுத்திருக்கோம். வருஷம் 8,000 அவர் தர்றார். காவல் கூலி 48,000 இல்ல. உழவு, களை அவர் பாடு. வண்டிப்பாட்டைக்காரர்கிட்ட வழி உரிமைக்குப் பேசிக்கிட்டு இருக்கோம். வருஷத்துக்கு 40 தடவை போனா பெட்ரோல் கூடுது, ஆனாலும் வட்டி இழப்பையும் சேர்த்து ஒரு தடவைக்கு 5,700-க்குள்ள வருது. இப்பவும் நிலம் சம்பாதிக்கல. ஆனா என்ன விலைக்கு என்ன வாங்குறோம்னு எங்களுக்குத் தெரியும்.

போன வாரம் அப்பா ஒரு கூடை மாங்காயோட வந்தார். அம்மா வாங்கி வச்சுட்டு, "ஒண்ணு எவ்வளவு ஆச்சு?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டாங்க. நான் லேப்டாப்பைத் திறக்கல.

உங்க நிலத்துக் கணக்கு இருந்தா எழுதி அனுப்புங்க. பேர் சொல்லாம அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.